ஒன்பது அண்டா உள்ள ஊர்

எங்கள் ஊருக்குப் பொதுவாக ஒரு அண்டா இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்குக் கல்யாணம் நடந்த வைகாசியில், என் புண்ணியத்தில், எங்கள் ஊரில் கொஞ்ச காலம் ஒன்பது அண்டாக்கள் இருந்தன. பிறகு ஒரு நாள் காலையில், அதுவும் என் புண்ணியத்தில், ஒன்றுகூட இல்லாமல் போனது. இத்தனை நடந்தபோதும் அந்த அண்டா பாட்டுக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு எதுவும் தெரியாது.

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைப்பவள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்ற ஊர்த்தொகுதியில் எங்கள் வீடு. வீட்டிலிருந்தே வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் டவர் கிடைப்பது எங்கள் காட்டில் மிளகுக்கொடி ஏறிய மூன்றாவது சில்வர் ஓக் மரத்தடியில்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல், மழை வந்தால் பிடிக்க ஒரு குடை. கம்பெனிக் கூட்டங்களில் பேசும்போது பின்னால் ஆடு கத்தினால், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அண்டாவுக்கு வருகிறேன். அலுமினிய அண்டா. தூக்க நான்கு பேர் வேண்டும். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சோறு அதில்தான் வேகும். அதை வைப்பதற்கென்று கோயில் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி என் அத்தையிடம் இருக்கிறது. ஆனால் அண்டா அந்த அறையில் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டு விசேஷம் முடிந்ததும் அடுத்த விசேஷ வீட்டுக்கு நேராகப் போய்விடும். அப்படிப் போகும்போது வெறுமையாகப் போகக் கூடாது. இரண்டு சீப்பு வாழைப்பழமோ, மரவள்ளிக்கிழங்கோ, ஒரு படி சாமையோ, ஏதாவது ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது இங்கே யாருக்கும் கை வராத காரியம்.

எங்கள் அப்பாவுக்கும் அந்த அண்டாவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பா கல்யாணத்தன்று அதே முகூர்த்தத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் ஒரு கல்யாணம். அண்டா அங்கே போய்விட்டது. எங்கள் தாத்தா அக்கம்பக்கத்தில் கிடைத்த தவலை, குண்டா எல்லாவற்றையும் வாங்கிவந்து சோறாக்கச் சொன்னார். ஒன்றில் குழைந்துவிட்டது, ஒன்றில் அரைவேக்காடு, ஒன்று அடிப்பிடித்தது, ஒன்று நடு வேகாத நறுக்கரிசி, ஒன்று மட்டும் தற்செயலாகச் சரியாக வெந்தது. பந்தியில் ஒரே இலையில் ஐந்து பதத்திலும் சோறு விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் 'அஞ்சு பதம்' என்று பெயர். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால், "அஞ்சு பதம் வராருங்கோவ், டீய நல்லாக் கொதிக்க வெய்யி" என்பார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார். முப்பத்தைந்து வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வரன் அமைந்தபோது நகை, பந்தல், பாட்டு எதைப் பற்றியும் அப்பா வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உங்கல்யாணச் சோறு அந்த அண்டாவுல வேகோணும் சாமி. அது போதும் எனக்கு."

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது, அடுத்து யாருக்கு என்பதையெல்லாம் அத்தை ஒரு நோட்டில் வைத்திருந்தார். அதைக் கரையான் தின்றுவிட்டது. நோட்டில் எழுத்து அதிகம் கிடையாது, எல்லாம் படம். கரண்டிக்கு ஒரு கோடு, அன்னக்கூடைக்கு ஒரு கட்டம், அண்டாவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் இடது பக்கத்தில் மட்டும் ஒரு குழி. ஒரு தடவை கொண்டை ஊசி வளைவில் ஜீப்பிலிருந்து அண்டா உருண்டு நசுங்கியது. அத்தை அந்த நசுங்கலையும் சேர்த்தே வரைவார். "இதெல்லாம் போன்லயே செஞ்சு தாரேங்க அத்தை, ஒரே வாரம்" என்று நான் வீறாப்பாகச் சொன்னேன்.

எனக்கு அது சுண்டைக்காய் வேலை. ஆப்ஜெக்ட் என்று நாங்கள் சொல்வது பெரிய சங்கதி எல்லாம் இல்லை. வெளியே இருக்கிற ஒரு பொருளுக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரதிநிதி, அவ்வளவுதான். அண்டாவுக்கு ஓர் அண்டா ஆப்ஜெக்ட். அதற்குத் தன் பெயர் தெரியும், அளவு தெரியும், யார் வீட்டில் இருக்கிறோம் என்று தெரியும். 'சேவ்' என்று சொன்னால் அதுவே போய் டேட்டாபேஸில் தன்னை எழுதிக்கொள்ளும். புதிதாக ஒரு வரி எழுதினால் இன்சர்ட், இருக்கிற வரியைத் திருத்தினால் அப்டேட், வேண்டாம் என்று அடித்தால் டெலீட். பத்து வருஷமாக இந்த மூன்றை வைத்துத்தான் என் வண்டி ஓடுகிறது.

முடித்ததும் அத்தையிடம் காட்டினேன். அத்தை போனைக் கையில் வாங்காமல், எட்டி நின்று பார்த்தார்.

"நசுங்கலு எங்கே?"

"நசுங்கலெல்லாம் தேவையில்லீங்க அத்தை. அது டேட்டா இல்லீங்க."

"செரி. அண்டாவுல என்ன வெச்சுக் குடுத்தாங்கன்னு எழுத எடம் எங்கே?"

"அது எதுக்குங்க?"

"எதுக்கா? போன வருசம் நான் ஒரு முழுப் பலாப்பழம் வெச்சு அனுப்புன ஊட்டுல இருந்து எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? நாலு வாழக்கா. அது ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

ஆகவே 'உள்ளே' என்று ஒரு கட்டம் போட்டேன். அத்தை நிம்மதியானார். நானும் நிம்மதியானேன். அந்தக் கட்டத்தில்தான் சனி வந்து உட்கார்ந்தது.

விஷயம் இதுதான். சேவ் அழுத்தியதும் என் புரோகிராம், 'இதே அண்டா ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா' என்று பார்க்கும். இருந்தால் அப்டேட், இல்லாவிட்டால் இன்சர்ட். இதே அண்டாதான் என்று அது எப்படிக் கண்டுகொள்ளும்? பெயர், அளவு, உள்ளே இருப்பது, மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதாவது வாழைப்பழம் இருக்கிற அண்டா வேறு, மரவள்ளிக்கிழங்கு இருக்கிற அண்டா வேறு. அண்டா ஒவ்வொரு வீடு மாறும்போதும் உள்ளே இருப்பது மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் ஊருக்கு ஒரு புது அண்டா பிறக்கும்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பத்துத் தடவை பார்த்தேன். சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது கரண்டி. கரண்டியில் யார் பலாப்பழம் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள்? அதன் 'உள்ளே' கட்டம் எப்போதும் காலி, அதனால் அது அழகாக அப்டேட் ஆகிக்கொண்டே இருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஊர்க்காரர்களுக்குப் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கம்பெனி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்கள் நிச்சயம் முடிந்த அன்று சாயங்காலம் அப்பா சில்வர் ஓக் மரத்தடிக்கு வந்து, தன் போனிலிருந்து தானே அண்டாவுக்குப் பதிவு போட்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கேட்ட தேதிக்கு அண்டா இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் புரோகிராம் பதில் அனுப்பும். அனுப்பியது. 'அண்டா உங்களுக்கு உறுதி.' அப்பா அந்தச் செய்தியை வாரக்கணக்கில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் பத்திரிகைக்கு முன்னால் போனைத்தான் நீட்டினார். சேந்தமங்கலம் பஸ் கண்டக்டரும் அதைப் பார்த்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தபோது திண்ணனூர் நாட்டிலிருந்து ஒருவர் டூவீலரில் வந்து இறங்கினார். முன்பின் தெரியாதவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஏனுங்க, உங்கூர்ல ஒம்பது அண்டா இருக்குதாமுங்க. எங்கூர் கோயில் நோம்பிக்கு ரெண்டு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுங்க."

"ஒம்பதா? ஒண்ணுதானுங்க இருக்குது. யாருங்க சொன்னது?"

"டீக்கடையில பேசிக்கறாங்க. போன்லயே காட்டுனாங்க. ஒம்பது அண்டா உள்ள ஊரு எங்க ஊருதான்னு பெருமையாச் சொன்னாங்களே."

அவரை உட்கார வைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடிப்போய்ப் பட்டியலைத் திறந்தேன். அண்டா, உள்ளே மரவள்ளிக்கிழங்கு. அண்டா, உள்ளே வாழைப்பழம். அண்டா, உள்ளே பலாக்கொட்டை. அண்டா, சாமை. அண்டா, ஒரு கை மிளகு. அண்டா, கொய்யா. அண்டா, அன்னாசி. அண்டா, நாலு தேங்காய். ஒன்பதாவது அண்டாவுக்கு உள்ளே 'பூனைக்குட்டி' என்று இருந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். விளையாட்டு இல்லை, அண்டா வந்து இறங்கும்போது உண்மையிலேயே உள்ளே ஒரு பூனைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்ததாம். அவர்கள் நேர்மையானவர்கள், உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறார்கள்.

வந்தவரிடம் வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் நம்பவில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு இரண்டு கொடுக்க மனசில்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டு போனார். எனக்கு மானம் போனது. அத்தையிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"உள்ளே என்னன்னு எழுதச் சொன்னது நீங்கதானுங்களே அத்தை!"

"நசுங்கல எழுதச் சொன்னதும் நாந்தான். அத எழுதுனியா?"

வாதத்தில் தோற்றால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். அதே கோபத்தோடு மரத்தடிக்கு வந்து, கூடுதலான அண்டாக்களை அழிக்க உட்கார்ந்தேன். கோபத்தில் இருக்கும்போது டெலீட் பக்கம் போகக் கூடாது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பழக்க தோஷத்தில் முழுப் பட்டியலையும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பிறகு ஒவ்வொரு அண்டாவையும் கூப்பிட்டு, 'உன்னைப் போலவே பெயரும் அளவும் உள்ள இன்னொரு அண்டா இந்தப் பட்டியலில் இருந்தால் நீ அழிந்து போ' என்று எழுதினேன். எட்டு போய் ஒன்று மிஞ்ச வேண்டும் என்பது என் எண்ணம். முதல் அண்டா பட்டியலைப் பார்த்தது, தன்னைப் போல எட்டு இருப்பதைக் கண்டது, அழிந்தது. கடைசி அண்டாவும், ஆரம்பத்தில் கையில் வாங்கிய அதே பழைய பட்டியலைத்தான் பார்த்தது, தன்னைப் போல எட்டு இருப்பதைக் கண்டது, அதுவும் அழிந்தது. அண்டாக்கள் போனதும் அவற்றின் மேல் இருந்த பதிவுகளும் கூடவே போயின. திரையில் பூஜ்யம் என்று வந்தது.

ஐந்து நிமிஷத்தில் மேட்டு வீட்டிலிருந்து போன். அன்றைக்கு அண்டாவை வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

"ஏனுங்க கண்ணு, ஊருக்கு அண்டாவே இல்லீன்னு போன்ல வருது. அப்போ எங்க கொல்லையில கெடக்கறது என்னதுங்க?"

"அண்டாதானுங்க."

"இல்லீன்னு வருதேங்க."

"இருக்குதுங்க. நான் சொல்றேன்ல?"

"நீங்கதான் எழுதுனீங்க, நீங்கதான் சொல்றீங்க. எதைங்க நம்பறது?"

அடுத்து அத்தை ஆள் அனுப்பினார், ஓடினேன். அவர் வீட்டு வாசலில் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றிருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பா கல்யாணத்தன்று அண்டாவைக் கொண்டுபோன கல்யாணத்தில் மணப்பெண்ணாக இருந்தவர் அவர்தான். இப்போது அவர் மகனுக்குக் கல்யாணம். போனில் அண்டா உறுதி என்று வந்ததாம், இப்போது பார்த்தால் பதிவையே காணோமாம். பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டதால் காட்டுவதற்கு அந்தச் செய்தியும் கையில் இல்லை.

"என்னிக்குங்க கல்யாணம்?" என்று கேட்டேன். சொன்னார். என் கல்யாணத் தேதி. அதே முகூர்த்தம்.

அத்தை என்னைப் பார்த்தார். "யாரு கண்ணு மொதல்ல கேட்டது?"

"பாத்துச் சொல்றேங்க" என்றேன்.

ஒன்பது அண்டாக்கள் இருந்தபோது ஒரே நாளுக்கு இரண்டு பேர் கேட்டால் என்ன, ஒன்பது பேர் கேட்டாலும் உறுதி என்றுதான் அது சொல்லியிருக்கும். மரத்தடியில் நகலைத் திறந்தேன். இரண்டு வரிகள். அப்பாவின் பதிவு நிச்சயத்தன்று சாயங்காலம். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டின் பதிவு அதற்கு இரண்டு நாள் முன்னால்.

அந்தத் தேதிகள் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவின் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ள ஒரே ஓர் அப்டேட் போதும். ஒரு வரி. அந்த வரியை எழுதியும் விட்டேன். விரல் பட்டன் மேல் இருந்தபோது அப்பா வந்து நின்றார். அத்தை சொல்லி வந்திருக்கிறார். கையில் போன், திரையில் அதே செய்தி. வழி நெடுக அதைத் திறந்தே பிடித்துக்கொண்டு வந்திருப்பார் போல.

"இதுல உறுதின்னு போட்டிருக்குதல்ல சாமி?"

"போட்டிருக்குதுங்கப்பா."

"அப்பறம் யாரு மொதல்ல?"

அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், முடியவில்லை. நான் எழுதியதை அவ்வளவு நம்பிக் கையில் வைத்திருந்தார்.

"அவிங்கதானுங்கப்பா. ரெண்டு நாள் முந்தி."

"அப்போ அவிங்களுக்குத்தான்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். போகிற வழியில் ஒரு மரவள்ளிச் செடி முன்னால் நின்று அதன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செடியில் பார்க்க ஒன்றுமே இல்லை. நான் எழுதிய வரியை அழித்துவிட்டு, மடிக்கணினியை மூடி வைத்து அழுதேன். கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது, பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார்கள். ஆடு என்று சொன்னேன்.

அந்த முகூர்த்தத்துக்கு மலைக்குக் கீழே எந்தக் கடையிலும் அண்டா வாடகைக்குக் கிடைக்கவில்லை. வாசலூர்பட்டி படகு இல்லத்தில் வேலை பார்க்கும் எங்கள் வீட்டுக்காரர், அப்போது மாப்பிள்ளை, போனில் ஆறுதல் சொன்னார். "படகு ஒண்ணு கேட்டுப் பாக்கட்டுங்களா? நாலு பேரு ஒக்கார்ற படகு. சோறு நல்லா வேகுமுங்க." நான் போனை வைத்துவிட்டேன். பிறகு கல்யாணத்தையே நிறுத்திவிடுவேனோ என்று அவர் பயந்து, அன்றைக்கே பஸ் பிடித்து வந்து மன்னிப்புக் கேட்டார்.

புரோகிராமைச் சரி செய்தேன். இப்போது பாத்திரத்தின் அடையாளம் அதன் உடம்பில் உள்ள காயம்தான். அண்டாவுக்கு 'இடது பக்க நசுங்கல்' என்று அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். உள்ளே பலாப்பழம் இருந்தாலும் பூனை இருந்தாலும் அது அதே அண்டா. அத்தை இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டேன், வேறு வழி?

கல்யாணத்தன்று விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டதில், வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு பாத்திரங்கள் வந்தன. தவலை, குண்டா, குக்கர்கூட ஏழு. எங்கள் கொல்லையில் அடுப்புக்கு இடம் போதாமல் காட்டுக்குள்ளேயும் கல் கூட்டினார்கள். நாற்பத்திரண்டு பாத்திரத்திலும் நாற்பத்திரண்டு விதமாகச் சோறு வெந்தது. அப்பாவின் ஐந்து பதமெல்லாம் அன்றைக்கு ஜுஜுபி. சமையல்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்னக்கூடையைத் தானே கையில் எடுத்தார். பின்னால் இரண்டு பேர் வேறு வேறு பதத்தில் கூடையோடு வர, பந்தியில் ஒவ்வோர் இலை முன்னாலும் குனிந்து கேட்டார்.

"பல்லு எப்படிங்க?"

முதல் இலையில் இருந்தவருக்குப் புரியவில்லை. இரண்டாவது இலையில் இருந்த வயசானவர் புரிந்துகொண்டார். "மேல ரெண்டு, கீழ ஒண்ணுங்க."

"அப்போ உங்களுக்குக் கொழஞ்சதுங்க. உனக்குக் கண்ணு? நறுக்கரிசி தாங்குமா? காந்துனது வேணுங்கறவிங்க கையத் தூக்குங்க!"

பந்தி மொத்தமும் குலுங்கியது. அடிப்பிடித்த சோறு கேட்டு இரண்டு பேருக்குச் சண்டையே வந்தது. மூன்றாவது பந்தியில் வேண்டுமென்றே வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாலையும் கழுத்துமாக நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, பந்தி முடிந்ததும் அப்பா கை கழுவும் இடத்தில் தனியாகப் போய் நின்றார். கை ஏற்கெனவே கழுவியாகிவிட்டது. இருந்தும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். அவர் இன்னும் சாப்பிடவில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மத்தியானம் சாய்கிற நேரம். ஒரு பிக்கப் வண்டி வந்து பந்தலுக்கு வெளியே நின்றது. பின்னால் அண்டா. அதைப் பிடித்துக்கொண்டு பட்டுப்புடவையில் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. மகன் கல்யாணத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான்கு பேர் அண்டாவை இறக்கி அப்பாவின் முன்னால் வைத்தார்கள். இடது பக்கம் நசுங்கல், சந்தேகமே இல்லை. வாயை வாழையிலை போட்டு மூடியிருந்தது.

"வெறும் அண்டாவ அனுப்பக் கூடாதல்லங்கண்ணா" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு உங்க கல்யாணத்துக்கு ரெண்டு தேங்காய வெச்சு, அதுவும் மறுநாளு அனுப்புனோம். நான் அப்போ புதுப்பொண்ணு, வாயத் தொறக்கத் தெரியல."

அப்பா இலையை விலக்கினார். ஆவி வந்தது. அடியில் இருபது பேர் சாப்பிடும் அளவுக்குச் சோறு. வெள்ளை வெளேரென்று, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே பதம்.

அப்பா ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். இன்னொன்றை வேறொரு மூலையிலிருந்து எடுத்து நசுக்கினார். பிறகு இலை போடச் சொல்லி, அண்டா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ரசம் ஊற்றக்கூட விடவில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "எப்படிங்கண்ணா?" என்று கேட்டார்.

"ஒரு கொதி முந்தியே வடிச்சிருக்கலாமுங்க" என்றார் அப்பா. சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார். சோறு சூடாக இருந்ததாம்.

அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "வா கண்ணு, அண்டா கை மாறிருச்சு. எழுதோணும்."

கல்யாணப் புடவையோடு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனேன். பின்னால் அத்தை, அவர் பின்னால் இப்போது அவர் வீட்டிலேயே வளர்கிற அந்தப் பூனைக்குட்டி. யார் வீட்டில் என்ற இடத்தில் எங்கள் வீட்டைப் போட்டேன். உள்ளே என்ற இடத்தில் 'சோறு' என்று போட்டேன். சேவ் அழுத்தினேன். ஒரு பதிவு அப்டேட் ஆனது என்று வந்தது.

"எத்தன அண்டா காட்டுது?"

"ஒண்ணுங்க அத்தை."

"நல்லா எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான். அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார், கையைக் கூடக் கழுவாமல். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"பதம்னு ஒரு எடம் போடு சாமி" என்றார். "போட்டு, ஒண்ணுன்னு எழுது."

அத்தை கேட்டு ஒரு கட்டம் சேர்த்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இருந்தும் கழுத்து மாலையைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பந்தலில் மாலையோடு தனியாக நின்றுகொண்டிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். இருக்கட்டும் என்றேன். பதம் என்று ஒரு கட்டம் சேர்த்தேன், அதில் ஒன்று என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஒரு மாதம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தோம், ஒன்றைக்கூட வெறுமையாகக் கொடுக்கவில்லை. பதம் என்ற அந்தக் கட்டம் இன்றைக்கும் பட்டியலில் இருக்கிறது. வேறு யாரும் அதை நிரப்புவதில்லை, நானும் அதை எடுக்கவில்லை.